ஓ படிவத்தைக் கையில் வாங்கிய கதை

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரி ஒன்றில் 14 ஆண்டுகள் ஜாக்ஹாமர் பிடித்துப் பாறையில் தமர் (துளை) போட்ட நான், 2019-இல் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டபோதுதான், எங்கள் பாறைக்குழியும் சட்டத்தின் பார்வையில் ஒரு சுரங்கம் என்பதை அறிந்தேன். அப்போது நடப்பில் இருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் திறந்தவெளிக் குவாரிகளுக்கும் பொருந்தியது. அதையொட்டி 1955-இல் வந்த விதிகளின்படி வேலையில் சேரும்போது ஒரு முறையும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் தொழிலாளியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. எனக்கோ அதுவே முதல் பரிசோதனை.

இரத்த அழுத்தம், கண், காது எல்லாம் விரைவில் முடிந்துவிட்டன. மூச்சுத்திறன் சோதனைதான் என்னை வாட்டியது. மூக்கில் கவ்வியை மாட்டி, அட்டைக்குழாயை உதட்டால் இறுகப் பற்றி, இழுத்த மூச்சு முழுவதையும் ஒரே வீச்சில் ஊத வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க" என்று அந்தப் பெண் பணியாளர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று ஊதல்கள் கிடைப்பதற்குள் ஏழு முறை ஊதி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். பரிசோதனை முடிவு ஓ படிவத்தில் எழுதப்பட வேண்டும் என்றும், அதில் ஒரு பிரதி தொழிலாளிக்கு உரியது என்றும் எங்கள் மேட் (வேலையை மேற்பார்ப்பவர்) சொல்லியிருந்ததால், இரண்டு முறை பேருந்து ஏறிப் போய்க் கேட்டு வாங்கினேன். அதனுடன் இணைத்திருந்த எக்ஸ்ரே அறிக்கையில் 0/1 என்று இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, நுரையீரல் புள்ளிகளின் அடர்த்தியை 12 படிநிலைகளில் குறிப்பார்களாம். 0/1 என்றால், படத்தைப் பார்த்த மருத்துவர் இயல்பைக் குறிக்கும் 0 என்றே முடிவு செய்தாலும், 1-ஆக இருக்குமோ என்று தயங்கியிருக்கிறார் என்று பொருள். அந்தத் தயக்கம் "நார்மல்" என்ற ஒரு சொல்லில் காணாமல் போயிருந்தது. பாறைத்தூசி நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ் நோய் வந்தால் திரும்பாது, தூசியை விட்டு விலகிய பிறகும் வளரக்கூடும், காசநோய்க்கும் வழிவிடும் என்பதால் சளிப் பரிசோதனையும் செய்துகொண்டேன். காசநோய் இல்லை.

அடுத்து, தூசியை அளக்கச் சொல்லி நாங்கள் ஆறு பேர் எழுதிக் கொடுத்தோம். இடுப்பில் சிறு பம்பு, சட்டைக் காலரருகே சைக்ளோன் என்னும் விரற்கடை அளவுக் கருவி. அது பருந்தூசியைக் கீழே தள்ளிவிட்டு, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசியை மட்டும் வடிதாளில் படியவிடும். அளவெடுத்த அன்று, மாதக்கணக்காக எட்டிப் பார்க்காத தண்ணீர் லாரி காலை ஆறு மணிக்கே வந்து பாதையெல்லாம் நனைத்தது. அந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. லாரி வராத ஒரு நாளில் மறுபடியும் அளக்கவைத்தோம். இரண்டாம் வடிதாளைப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் இறங்கிவந்தது.

முதலில் முகக்கவசம் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் அரை மணி நேரம்கூட அதை மாட்டியிருக்க முடியாது. தூசி பிறக்கும் இடத்திலேயே அதை அடக்காமல் மூக்கை மூடச் சொல்வது, ஒழுகும் கூரையின் கீழ் குடை கொடுப்பதுபோல. துளைக்கம்பியின் நடுத்துவாரம் வழியாகத் தண்ணீர் செலுத்தித் துளையிட்டால் தூசி பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்களுக்கு அது வர மேலும் ஏழு மாதம் ஆயிற்று. காலெல்லாம் சேறு, பிடி வழுக்குகிறது என்று எங்களில் சிலரே அதை வெறுத்தார்கள். நானும் முதல் வாரம் முணுமுணுத்தவன்தான். ஆனால் மாலையில் சட்டையை உதறினால் எழும்பிய வெள்ளை மூட்டம் நின்றுவிட்டது.

2024-இல் அடுத்த பரிசோதனைக்குப் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் இரண்டு படங்களையும் விளக்குப்பலகையில் அருகருகே செருகி வெகுநேரம் பார்த்தார். இம்முறையும் 0/1 என்றே எழுதினார். ஓ படிவத்தின் பிரதியை, கேட்காமலேயே கொடுத்தார்கள்.