ஆல் ஸ்மித்: மீன் சந்தையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு

அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் நாட்டு முதலமைச்சரின் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய பொறுப்பு சரியாக விளங்கும். அத்தகைய ஆளுநர்களின் சாதனைகளைப் பேசும்போது திறந்துவைத்த பாலங்களையும் கையெழுத்திட்ட சட்டங்களையும் எண்ணுவது வழக்கம். பதவியை விட்டு இறங்கிய பிறகும் எது நிலைத்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்தக் கணக்கில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நியூயார்க்கின் ஆல் ஸ்மித்.

தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர் அவர். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பற்றிய தீயில், பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியவர்கள் உட்பட 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் துணைத் தலைவராகத் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சென்று பார்த்ததுதான், சாதாரணக் கட்சி அரசியல்வாதியாக இருந்த ஸ்மித்தை மாற்றியது என்று நினைக்கிறேன். அக்குழுவுக்காக உழைத்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸை, 1919இல் தாம் ஆளுநரான உடனே மாநிலத் தொழில் ஆணையத்தில் அமர்த்தினார். ஒரு பெண்ணுக்கு அத்தகைய பதவியா என்று முணுமுணுத்தவர்களை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆனால் அவருடைய பெரிய சாதனை, கேட்பதற்குச் சற்றுச் சலிப்பூட்டும் ஒன்று. அப்போது நியூயார்க் நிர்வாகம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 180-க்கும் மேற்பட்ட துறைகளாகவும் வாரியங்களாகவும் சிதறிக் கிடந்தது. ஆளுநரின் பதவிக்காலமோ இரண்டே ஆண்டுகள். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருந்த நிலையில், இந்தத் துறைகளை ஒருங்கிணைக்க அமைந்த சீரமைப்புக் குழுவுக்கு அக்கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் தலைமை தாங்கினார். எதிரணியின் பெரியவரே பரிந்துரைத்த திட்டத்தை எதிரணியினர் எப்படித் தள்ளுவார்கள்? அரசமைப்புத் திருத்தங்களின் வழியே துறைகள் இருபதுக்கும் குறைவாக ஒடுங்கின; வரவுசெலவுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பை ஆளுநருக்குத் தரும் திருத்தமும் 1927இல் ஒப்புதல் பெற்றது.

கலிபோர்னியாவின் பேட் பிரவுனும் இதே வகையினர்தான். வடக்கின் நீரைத் தெற்குக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்காக 175 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு 1960இல் மயிரிழையில் மக்கள் ஒப்புதல் பெற்றார்; 1966 தேர்தலில் ரீகனிடம் தோற்றுப் போனதால், 1968இல் ஓரோவில் அணை கட்டி முடிக்கப்பட்டபோது அவர் பதவியில் இல்லை.

ஸ்மித்துக்கும் அந்தக் கசப்பு நேர்ந்தது. 1928 குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றார். சொந்த மாநிலமே எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவரின் பக்கம் போனது. அதே தேர்தலில் நியூயார்க் ஆளுநராக வென்ற ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட், ஸ்மித்தின் நெருங்கிய ஆலோசகர் பெல் மாஸ்கோவிட்ஸைத் தம்முடன் வைத்துக்கொள்ள மறுத்தார். ஆனால் பெர்கின்ஸை மாநிலத் தொழில் ஆணையராக உயர்த்தினார். ஸ்மித் வகுத்துவைத்த துறைகளையும் வரவுசெலவுப் பொறுப்பையும் கொண்டே ஆட்சியைத் தொடங்கினார்.