வெம்பன்யாமா வெளியே நின்று எறியட்டுமே

பிரான்ஸ் கூடைப்பந்து வீரர் விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றி நண்பர்களோடு மறுபடியும் அதே வாக்குவாதம். ஏழடிக்கு மேல் உயரம், கைகளை விரித்தால் ஏறக்குறைய எட்டடி; அப்படிப்பட்டவர் எதற்குத் தூரத்து வளைகோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்டர் போடுகிறார், கூடைக்கடியில் நிற்க வேண்டியதுதானே என்கிறார்கள். 2024-25 சீசனில் ஓர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 9 முறை அப்படி எறிந்தார். விழுந்தது சுமார் 35 சதவீதம்.

எனக்கு இதில் குறை தெரியவில்லை. அவர் வெளியே வந்தால் எதிரணியின் உயரமான ஆளும் கூடையை விட்டு வந்தாக வேண்டும். மற்ற நால்வருக்கும் உள்ளே வழி திறக்கும். அப்புறம், அவருக்கு ஒல்லி உடம்பு. தினமும் உள்ளே போய் தடித்த ஆட்களோடு முட்டி மோதச் சொல்ல எனக்குப் பயமாகவே இருக்கிறது. சரி, நெருக்கடியான நேரத்தில் அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து எறிவது எனக்கும் பிடிக்காதுதான்.

தடுப்பாட்டத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. முதல் சீசனிலேயே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அதிக பிளாக், அதாவது எதிராளி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது, அவருடையதுதான். 2025 பிப்ரவரியில் தோளில் ரத்தக்கட்டு, இனி இந்த சீசனில் ஆட மாட்டார் என்ற செய்தி வந்த அன்று மனசு கனத்துப் போனது.

பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக 26 புள்ளிகள் எடுத்தபோது அவருக்கு வயது 20!