2 பலட் ரொமேய்னும் 11 மணித்தியாலக் காத்திருப்பும்

2021 அக்டோபரில்தான் முதன்முறையாக கலிபோர்னியாவின் சலினாஸுக்கு மரக்கறி ஏற்றப் போனேன். அதற்கு முன் இரண்டு வருடம் ரொறன்ரோவுக்கும் ஒஹையோவுக்கும் இடையில் கார் உதிரிப்பாகங்கள் ஓட்டியவன். கார்க் கதவுகள் வழியில் வாடிப்போகாது. ஒரு நாள் பிந்தினால் ஏச்சு விழும், அவ்வளவுதான். ரீஃபர், அதாவது குளிரூட்டி பூட்டிய ட்ரெயிலர் வேலை வேறு என்று என்னோடு ஓடிய அண்ணை முதலே சொல்லியிருந்தார். அவர் பதினைந்து வருடமாக இதே பாதையில் ஓடுகிறவர். நான் அவருக்கு இரண்டாவது சாரதி.

ஏற்ற வேண்டியது மூன்று இடத்தில்: ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஸ்ட்ராபெரி, அடுத்ததில் புரொக்கோலியும் கொஞ்சம் ரொமேய்ன் என்ற சலாட் லெட்டூஸும், கடைசியில் இன்னும் 2 பலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) ரொமேய்ன். எல்லாமே பூச்சியப் பாகை செல்சியஸை ஒட்டி வைக்க வேண்டியவை. அதனால் ஒரே பெட்டியில் போகலாம். தக்காளியோ வாழைப்பழமோ என்றால் இந்தக் குளிரில் பழுதாகிவிடும். சரக்குப் பில்லில் 34 பாகை ஃபாரன்ஹீட் என்று எழுதியிருந்தது, அதாவது 1 செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. மெஷினை இடையிடையே நின்று ஓடும் முறையில் இல்லாமல் நிற்காமல் ஓடும் முறையில் போட்டோம். களஞ்சியத்துக்குப் போக முதலே வெறும் ட்ரெயிலரைக் குளிராக்கி வைத்தோம்.

எனக்கு அன்றுவரை விளங்காமல் இருந்த ஒரு விஷயம்: ரீஃபர் மெஷின் மரக்கறியைக் குளிராக்குவதற்கு இல்லை. வயலில் வெட்டிய லெட்டூஸின் சூட்டைக் களஞ்சியக்காரன்தான் வெற்றிடக் குளிரூட்டியில் வைத்து எடுக்க வேண்டும். எங்கள் மெஷின் அந்தக் குளிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. சூடாக ஏற்றினால் கனடா வரைக்கும் சூடாகத்தான் வரும், பழி சாரதியின் தலையில் விழும்.

முதல் களஞ்சியத்தில் நான் பேனையை எடுத்துவிட்டேன். அண்ணை கையைப் பிடித்தார்.

"தம்பி, கையெழுத்து வைக்காதையும். முதல்ல ஊசியைக் குத்திப் பாரும்."

ஊசி வெப்பமானியைப் பழத்துக்குள்ளேயே குத்திப் பார்க்க வேண்டும். பெட்டிகளுக்கு இடையில் உள்ள காற்றை அளந்து பிரயோசனம் இல்லை. மற்ற பலட்டுகளில் 33, 34 காட்டியது. ஒரு ஸ்ட்ராபெரிப் பலட்டில் மட்டும் 39. ஸ்ட்ராபெரிக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. ஏற்றுகிறவன் "ஒன்றும் ஆகாது, போகும்" என்றான். அண்ணை சண்டை பிடிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் டிஸ்பாச்சுக்கு ஃபோன் அடித்தார், அவர்கள் வாங்குபவரிடம் கேட்டார்கள், அவர் ஏற்றச் சொன்னார். ஆனால் பில்லின் மூன்று பிரதியிலும் பலட் இலக்கம், 39 பாகை, நேரம் எல்லாம் எழுதி, களஞ்சியக்காரனின் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் தன் கையெழுத்தை வைத்தார். எனக்கு அது கொஞ்சம் கூடிப்போன மாதிரித்தான் பட்டது.

எடை பார்த்தபோது ட்ரெயிலர் அச்சுகளில் 34,000 றாத்தல் என்ற எல்லைக்கு மேலே நின்றது. ட்ரெயிலரை ட்ரக்கோடு கொளுவும் கிங்பின்னிலிருந்து பின் அச்சுவரை 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது கலிபோர்னியாச் சட்டம், ஆகவே சக்கரங்களை இன்னும் பின்னுக்குத் தள்ளி எடையைச் சமாளிக்க வழியில்லை. திரும்பிப் போய் ஒரு பலட்டை முன்னுக்கு மாற்றி வைத்தோம். அதில் ஒன்றரை மணித்தியாலம் போனது. வெள்ளி இரவு 10 மணிக்குத்தான் சலினாஸை விட்டோம்.

ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 4,300 கிலோமீற்றர். அமெரிக்கச் சட்டப்படி ஒரு சாரதி 11 மணித்தியாலம் ஓட்டினால் 10 மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும், இருவர் என்றபடியால் வண்டி நிற்காது. 80ஆம் இலக்க நெடுஞ்சாலையில் டொனர் கணவாய், நெவாடா, யூட்டா, காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும் வயோமிங், முடிவே இல்லாத நெப்ராஸ்கா. இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எரிபொருள் அடிக்கும்போதெல்லாம் ரீஃபர் தாங்கியையும் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர. அதை மறந்தவர்களின் கதைகளை அண்ணை இரவிரவாகச் சொன்னார்.

பிரச்சினை அயோவாவில் தொடங்கியது.

கனடா எல்லையைக் கடக்க இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, எங்கள் கம்பெனி வண்டி, சாரதி, சரக்கு விபரங்களை இ-மேனிஃபெஸ்டாக எல்லைச் சேவைகள் முகமைக்கு, வண்டி போய்ச் சேர ஆகக் குறைந்தது 1 மணித்தியாலம் முன்னமே அனுப்ப வேண்டும். மற்றது, சரக்கை வாங்குபவரின் சுங்கப் புரோக்கர் விடுவிப்புக் கேட்டு அனுப்ப வேண்டும், ஒத்துக்கொண்டால் "அக்செப்டட்" என்று பதில் வரும். இரண்டையும் இணைப்பது பார்ஸ் இலக்கம், நாங்கள் பில்லில் ஒட்டும் சின்னப் பட்டைக்குறி. ஏற்றி முடிந்த இரவே பில்களைப் படமெடுத்துப் புரோக்கருக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு பின்னேரம் பதில் வந்தது: கடைசியாக ஏற்றிய 2 பலட் ரொமேய்னுக்கு ஆய்வுகூடச் சான்றிதழ் இல்லை, அனுப்ப முடியாது.

அந்த வருட இலையுதிர் காலத்துக்குக் கனடிய உணவு ஆய்வு முகமை ஒரு தற்காலிக விதி வைத்திருந்தது. 2018, 2019 இரண்டு வருடமும் இலையுதிர் காலத்தில் கலிபோர்னியா ரொமேய்னைச் சாப்பிட்டு இ-கோலை பக்டீரியாத் தொற்றில் இரண்டு நாட்டிலும் ஆட்கள் நோயாளிகளானார்கள். அதனால் சாண்டா குரூஸ், சாண்டா கிளாரா, சான் பெனிட்டோ, மொன்டரே ஆகிய 4 மாவட்டங்களிலிருந்து வந்த ரொமேய்ன் இல்லை என்று காட்ட வேண்டும், அல்லது அந்தச் சரக்கில் இ-கோலை கண்டறியப்படவில்லை என்ற ஆய்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சலினாஸ் இருப்பதே மொன்டரேயில். ஆகவே எங்களுக்குச் சான்றிதழ்தான் வழி. இரண்டாவது களஞ்சியம் தன் ரொமேய்னுக்கு அதை ஒழுங்காக அனுப்பியிருந்தது. மூன்றாவது அனுப்பவில்லை. பரிசோதனை செய்துதான் இருந்தார்களாம், கடதாசி யாரோ ஒருவரின் மேசையில் கிடந்திருக்கிறது.

நான் நேரே எல்லைப் பாலத்துக்குப் போய் அங்கே கதைப்போம் என்றேன். 24 பலட்டில் 2 தானே பிரச்சினை!

"அங்க போய் என்னத்தைக் கதைப்பீர்? உள்ளுக்கும் விடமாட்டாங்கள், திரும்பியும் விடமாட்டாங்கள். அக்செப்டட் எண்டு வந்தாத்தான் பாலத்தில ஏறவேணும்."

திங்கள் அதிகாலை 3 மணிக்கு மிச்சிகனின் போர்ட் ஹ்யூரனுக்கு முன்னால் ஒரு ட்ரக் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். சலினாஸ் எங்களுக்கு 3 மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 7 மணிக்கு அலுவலகம் திறக்க இங்கே 10 ஆகிவிடும். நான் மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 34, 35, 34. அண்ணை நன்றாக நித்திரை கொண்டார். காலையில் எழும்பி டிஸ்பாச்சுக்குச் சொல்லி இ-மேனிஃபெஸ்டில் போய்ச்சேரும் நேரத்தை மாற்றச் சொன்னார், எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நண்பகலுக்குச் சான்றிதழ் வந்தது. 2 மணிக்குப் புரோக்கரின் செய்தி: அக்செப்டட்.

புளூ வாட்டர் பாலத்தைக் கடந்து கனடாப் பக்கம் சார்னியாவில் சுங்கக் கூண்டுக்கு முன் நின்றபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், பட்டைக்குறியை ஸ்கேன் செய்தார், ஒரு மஞ்சள் துண்டைத் தந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். சரக்கைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

கதவைத் திறக்க முன்னர் ரீஃபரை நிறுத்த வேண்டும். ஓடவிட்டால் வெளிச் சூட்டை உள்ளே இழுக்கும். கதவில் போட்டிருந்த சீலை, அதாவது இலக்கமிட்ட பூட்டை, வெட்டினார்கள், நாலு பலட்டை இறக்கிப் பார்த்தார்கள், திரும்ப ஏற்றினார்கள். கதவு 40 நிமிடம் திறந்திருந்தது. அண்ணை பழைய சீல் இலக்கம், வெட்டிய நேரம், மூடிய நேரம், அவர்கள் போட்ட புதுச் சீலின் இலக்கம் எல்லாவற்றையும் பில்லில் எழுதி, அதிகாரியிடம் ஒரு முத்திரை கேட்டு வாங்கினார். அவர் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

402, 401, 427 நெடுஞ்சாலைகள். இரவு 9 மணிபோல் ரொறன்ரோவின் குயின்ஸ்வேயில் உள்ள ஒன்ராறியோ உணவு முனையத்தில் நின்றோம். 1954இலிருந்து இயங்கும் மொத்தச் சந்தை அது. எங்கள் முறை வர நள்ளிரவு ஆயிற்று.

வாங்குபவரின் ஆள் முதலில் எடுத்தது ட்ரெயிலருக்குள் வைத்திருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவியை. கணினியில் போட்டால் வரைபடம் மூன்று நாளும் கோடு கீறின மாதிரி நேராக வந்து, திங்கள் பின்னேரம் மலை மாதிரி எழும்பி இறங்கியது. "இது என்ன?" அண்ணை பில்லை நீட்டினார். முத்திரையையும் நேரத்தையும் பார்த்துவிட்டு அந்த ஆள் தலையாட்டினார். பிறகு ஊசியோடு உள்ளே போனார். ஸ்ட்ராபெரிப் பலட் ஒன்றில் சாம்பல் பூஞ்சணம். எந்தப் பலட் என்று சொல்லத் தேவையில்லை. என்னிடம் திரும்பி "மெஷினை எங்கேயாவது நிப்பாட்டினீங்களா?" என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிவிட்டது. அண்ணை அதே பில்லில் 39 என்று எழுதிய வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த ஒரு பலட்டின் கணக்கு வாங்குபவருக்கும் விற்றவருக்கும் இடையிலானது ஆயிற்று. எங்கள் கூலியில் கை வைக்கவில்லை.

இறக்கி முடிய விடிய 3 மணி. ட்ரெயிலரைக் கூட்டும்போது வடிகால் துளையில் புரொக்கோலிப் பெட்டிகளில் போட்டிருந்த ஐஸும் ஒரு ரொமேய்ன் இலையும் அடைத்துக் கிடந்தன. இலை இன்னும் மொறமொறவென்றுதான் இருந்தது.

போர்ட் ஹ்யூரனில் காத்திருந்த 11 மணித்தியாலத்துக்குக் காசு கேட்டுக் கடதாசி அனுப்பினோம். அதற்கு மட்டும் யாரிடமிருந்தும் அக்செப்டட் வரவில்லை.