செம்பு விளையும் ஊரில் ஒரு செம்பு

ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டின் கிட்வே ஊருக்கு வந்த மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாமாயோ (அம்மா), இது எங்கே செய்தது?"

கும்பகோணத்தில் அம்மா வாங்கித் தந்தது என்றேன்.

"இருபத்தெட்டு வருஷம் பூமிக்கடியில் இதைத்தான் வெட்டினேன். என் வீட்டில் இதால் செய்த ஒரு பாத்திரம் கிடையாது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காப்பர்பெல்ட் என்னும் இந்தச் செம்புச் சுரங்கப் பகுதியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். செம்புத் தகடு ஏற்றிய லாரிகள் எங்கள் ரோட்டில்தான் போகின்றன. லுவான்ஷ்யாவில் கம்பியும் கேபிளும் செய்யும் ஆலை ஒன்று உண்டு. ஆனாலும் வெட்டியதில் பெரும்பங்கு தகடாகவே எல்லை தாண்டிவிடுகிறது.

2024-ல் மழை பொய்த்து, மின்சாரம் தரும் கரிபா அணை வற்றி, நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லாமல் போனது. ம்பவுலாவில் கரி மூட்டிச் சமைத்தேன். நம் குமுட்டி அடுப்பேதான். பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஆனால் கபெண்டா என்னும் பொடி மீன் கருவாடு வறுபடும்போது நெத்திலிக் கருவாட்டு வாசனை எழும்பும். கை கரண்டியைப் பிடித்தபடி இருக்க, மனசு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும்.

இருட்டு நேரத்தில் பெரியவர் வாசலில் வந்து உட்காருவார். பஷிக்குலு என்று கூப்பிடுகிறேன், இங்குள்ள பெம்பா மொழியில் தாத்தா. 1964 அக்டோபர் 24, சுதந்திரம் வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. நாடு முழுக்கப் பட்டதாரிகள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அதுவரை பல பத்தாண்டுகளாகக் கனிம உரிமைப் பணத்தை வாங்கித் தின்ற பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி, கடைசி நேரத்தில் 40 லட்சம் பவுன் நஷ்டஈடும் பெற்றுக்கொண்டுதான் கையை எடுத்தது. கேட்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

முதல் ஜனாதிபதி கவுண்டாவின் அரசு சுரங்கங்களில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்ட மறுவருஷம், 1971-ல், பஷிக்குலு வேலையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீடு எல்லாம் சுரங்கமே கொடுத்தது. 1975 வாக்கில் செம்பு விலை சரிந்தது. அந்த விலையை முடிவு செய்வது லண்டன் சந்தை. இங்கே யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டே போனது. கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் மானியத்தை வெட்டச் சொன்னார்கள். 1986 டிசம்பரில் சோளமாவு விலை ஒரேயடியாக ஏறியபோது இதே கிட்வே கலவரத்தில் எரிந்தது; உயிர்களும் போயின. தொண்ணூறுகளின் கடைசியில் சுரங்கங்களைப் பிரித்து விற்றார்கள். பஷிக்குலுவுக்கு வேலை போயிற்று, கூடவே ஆஸ்பத்திரியும். 2020-ல் நாடு மறுபடி கடன் கட்ட முடியாமல் நின்றது.

"எல்லாம் ஊழல்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நம்மவர்கள் சிலரை இங்கே பார்க்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. ஊழல் உண்டு, பஷிக்குலுவே திட்டுவார். ஆனால் ஒரே ஒரு பொருளை வெட்டி அனுப்புவதற்கென்றே கட்டப்பட்ட நாட்டைக் கையில் கொடுத்து, படித்தவர்களையும் உருவாக்காமல் விட்டுப் போனவர்களின் கணக்கை யார் பார்ப்பது?

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அம்மா வாங்கிய அதே கடையில் இன்னொரு செம்பு வாங்கினேன். கடைக்காரர் துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றித் தந்தார். "வெளிநாட்டுக்கா? அங்கெல்லாம் இது கிடைக்காதும்மா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கிட்வே திரும்பிய அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பஷிக்குலு காகிதத்தைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இவ்வளவு இலேசா?" என்றார்.