டிஜே பட்டனை மட்டும்தான் அமுக்குகிறாரா?

பெர்லினில், டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்கான ஒரு கிளப்பில் சவுண்ட் வேலை பார்க்கிறேன். இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இரண்டு கேள்விகள். காது போகாதா? டிஜே பட்டனை அமுக்குவதைத் தவிர என்னதான் செய்கிறார்?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. டிஐஎன் 15905-5 என்ற ஜெர்மானியத் தரவிதிப்படி, அரை மணி நேரச் சராசரி ஒலி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. மீட்டரைக் கவனிப்பது என் பொறுப்பு. காதடைப்பானும் கொடுக்கிறோம்.

இரண்டாவதுதான் என்னைச் சுடும். இங்கே படிக்க வந்த தம்பி ஒருவன், "அண்ணா, ஒரே டம் டம்னுதானே இருக்கு, இதுல பாட்டு எங்க?" என்றான். டிஜேக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த தட்டை ஹெட்போனில் ஒரு காதால் மட்டும் கேட்டபடி, அதன் விளிம்பை விரல் நுனியால் தடவித் தடவி, இரண்டின் தாள அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்வரை இழுத்துப் பிடித்தார். பிறகு ஒன்றின் பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வொலியை, குறைத்த அதே நொடியில் மற்றதன் பேஸைத் திறந்துவிட்டார். நடனத் தளம் மொத்தமும் எழும்பியது. அடுத்த சில நிமிடங்கள் கேட்டது, இரண்டு தட்டிலும் இல்லாத இசை. தம்பி விடியும்வரை நகரவில்லை.

2020இல் ஜெர்மனியின் உச்ச வரி நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: டிஜே தட்டை வெறுமனே ஓட்டவில்லை, கருவிகளைக் கொண்டு புது இசையை நிகழ்த்துகிறார். வருகிறவர்களின் முதன்மை நோக்கம் இசை என்றால், நுழைவுக் கட்டணத்துக்கு 19 சதவீதம் அல்ல, கச்சேரிக்குரிய 7 சதவீத வரிதான். 2024இல் பெர்லின் டெக்னோ, ஜெர்மன் யுனெஸ்கோ ஆணையத்தின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது. எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனால் 80களில் அமெரிக்காவின் டெட்ராயிட்டில் டெக்னோவை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்களை அந்தக் கொண்டாட்டத்தில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வாசலில் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்து, மறைக்க ஏதோ இருக்கிறது என்கிறார்கள் வெளியாட்கள். படமெடுக்க ஆளில்லாததால்தான் நரைத்த தலைக்காரரும், ஆணும் ஆணும் கைகோத்து வருகிறவர்களும் கூச்சமின்றி ஆடுகிறார்கள்.

போதை இல்லவே இல்லை என்று பூசிமெழுக மாட்டேன். இருக்கிறது. அதனால்தான் இரவு முழுக்க அவேர்னஸ் குழு தளத்தில் சுற்றிவருகிறது. யாராவது தள்ளாடினால் முதலில் தண்ணீர், பிறகு சத்தமில்லாத ஓர் அறை, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ். அவர்கள் கை காட்டினால் நானும் ஒலியைக் குறைத்துவிடுவேன்.