அப்பாருவின் டபுள் பேரல்

அப்பாரு (அப்பாவின் அப்பா) போனபிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி ரொம்ப நாள் போலீஸ் ஸ்டேஷனில்தான் கிடந்தது. சித்தப்பாவும் அத்தைகளும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, வாரிசுச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, லைசென்ஸ் என் பேருக்கு மாறியபிறகே வீட்டுக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால் முதலில் இந்த வேலையை முடியுங்கள். சுடும் நிலையில் இருக்கிற துப்பாக்கிக்கு, எத்தனை பழசானாலும், லைசென்ஸ் வேண்டும்.

வந்தபோது குழல் முழுக்கச் செந்துரு. சித்தப்பா உப்புத்தாள் வாங்கி வரவா என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோயமுத்தூரில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கிறது. மெட்ராசில் செய்த துப்பாக்கி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். பெரியவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "மேல இருக்கறது வித்தவங்க பேருங்க தம்பி. செஞ்ச ஊரு அடியில இருக்கும், பாருங்க" என்றார். அந்தக் காலத்தில் மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற கடை அது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தருவித்துத் தங்கள் பெயர் போட்டும் விற்றிருக்கிறார்கள்.

உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்தார். அடியில் தட்டையான பகுதியில் எண்ணெய் அழுக்கைத் துணியால் ஒற்றி எடுக்க எடுக்க முத்திரைகள் தெரிந்தன. குறுக்கே வைத்த இரண்டு செங்கோல், மேலே மகுடம், இடையில் பி, பி, சி எழுத்துகள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் சாலையின் முத்திரை அது. பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் 12, அதன் கீழே சி. சாய்சதுரம் 1887-இல்தான் வந்தது; செங்கோல் முத்திரையை 1904-இல் மாற்றிவிட்டார்கள். ஆக, இந்த இடைப்பட்ட காலத்தில் பிறந்த துப்பாக்கி. அப்பாருவே இதைப் பழசாகத்தான் வாங்கியிருக்க வேண்டும்! குழலில் தனியாக 13 என்றும் இருக்கிறது. அதைப் பார்த்து 13 போர் (துப்பாக்கியின் அளவை இப்படித்தான் சொல்வார்கள்) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது குழலின் உள்விட்டம்; தோட்டா 12 போர்தான்.

சுத்தம் செய்வதில் முதல் பாடம், அவசரப்படாதது. மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் பாதித் துரு அதிலேயே வந்துவிடும். வராத திட்டுகளுக்குப் பெரியவர் கொடுத்தது ஒரு பழைய காலணா. வெண்கலம் இரும்பைவிட மிருதுவானது. எண்ணெய் விட்டு நாணயத்தின் விளிம்பால் சுரண்டினால் துருமட்டும் உதிரும், குழலில் கீறல் விழாது. அப்படிச் சுரண்டி முடித்து ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோதுதான் அந்தப் பழுப்புக்குள் சிக்குக் கோலம் மாதிரி சுருள்கள் தெரிந்தன. டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிப் பட்டையாக்கி, அதைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த வேலை. உப்புத்தாள் பட்டிருந்தால் அந்தப் பழுப்பும் போயிருக்கும், கோலமும் போயிருக்கும்.

சுடும் பொறியான பூட்டுகளின் திருகை நான் தொடவில்லை. அதன் வெட்டுகள் மிக மெல்லியவை. சாதாரண ஸ்குரூ டிரைவர் போட்டால் பிய்ந்துவிடும். கட்டையில் பிடிமானத்துக்கு வெட்டிய வரிகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஆளிவிதை எண்ணெயில் இரண்டு சொட்டு எடுத்து உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்தேன். வார்னிஷ் அடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் ஆகாது, குளிரில் உறைந்து சிக்குப் பிடிக்கும்.

வைக்கும்போது குழல்வாய் கீழே பார்த்து இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும். தோல் உறையில் போட்டு மூடவும் கூடாது. ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஒரு தடவையாவது வெடித்துப் பார்க்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டேன். இது கரிமருந்துக் காலத்துக் குழல். இப்போதைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை இதில் இல்லை. இப்போது கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு, இதில் தோட்டா உட்காரும் அறையும் நீளம் பற்றாது. வெடித்தால் கை போகும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்போம். சந்தனம் குங்குமத்தைக் குழலில் வைக்காமல் தோள்வாரில் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பூஜை முடிந்த அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டுவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.