கட் ஆஃப் 171.5: தம்பியின் வாய்ப்பைக் கணக்கிட்ட நாட்கள்

2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் என் தம்பி கணிதத்தில் 86, இயற்பியலில் 83, வேதியியலில் 88 மதிப்பெண் பெற்றான். கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டியபோது, பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200க்கு 171.5 வந்தது. காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரியப்பாவுடன் சுற்றி வளர்ந்தவன் என்பதால், மெக்கானிக்கல் தவிர வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆலோசகர் ஒருவர், இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியே கிடைக்காது என்றும், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு உடனே முன்பணம் கட்டிவிடுவது நல்லது என்றும் அப்பாவிடம் சொன்னார். அப்பா கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். அவரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, முந்தைய ஆண்டுகளின் பொறியியல் கலந்தாய்வு ஒதுக்கீட்டு விவரங்களை எடுத்து நானே கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு அவனுக்குப் பொருந்துமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். அவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதால் அந்த வழி அடைபட்டது. வடசென்னையில் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் மிக அதிகம். இரண்டையும் ஒன்றென்று நம்பியிருக்கும் பெற்றோர் இதைக் கடைசி நேரத்தில் அறிந்து உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நான் செய்த தவறு, பழைய கட் ஆஃபுடன் அந்த ஆண்டின் கட் ஆஃபை நேராக ஒப்பிட்டது. தேர்வு எளிதாக இருந்த ஆண்டில் அதே 171.5 பல படிகள் கீழே போய்விடும். எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு கல்லூரியிலும் மெக்கானிக்கல் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் பட்டியலை முழுவதுமாக ஒதுக்கிவைத்தேன், ஏனெனில் அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்காமல் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துத்தான் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. எங்களுக்குப் பயன்பட்டவை 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகள்தான்.

நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். எங்களுக்கான 20% என்பது 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் ஏறக்குறைய 12 இடம். ஆனால் எங்கள் பிரிவிலேயே அதிக மதிப்பெண் பெற்றவர்கள் பொதுப் போட்டிக்கான 31% இடங்களில் போய்விடுவதால், அந்தப் பன்னிரண்டும் அவர்களுக்கு அடுத்து நிற்பவர்களுக்குக் கிடைக்கும். ஆகவே பொதுத் தரவரிசையைவிட வகுப்புவாரித் தரவரிசைதான் எங்களுக்கு உண்மையான வாய்ப்பைக் காட்டியது. அந்த எண்ணைக் கொண்டு பார்த்தபோது, கிண்டிப் பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் எட்டாத தூரத்தில் இருந்தன. ஆனால் வேலூர் தந்தை பெரியார் அரசினர் பொறியியல் கல்லூரியில் கடந்த இரண்டு ஆண்டும் அவனுக்குப் பின்னால் இருந்த எண்களுக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆலோசகர் சொன்னது பொய் என்று அந்த நோட்டுப் புத்தகப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா நம்பினார்.

விருப்பப் பட்டியல் எழுதும்போது தம்பி கிண்டியை அழித்துவிட்டான். "கிடைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா எழுதணும்?" என்றான். முதலில் எழுதுவதால் கீழே உள்ள விருப்பம் பறிபோகாது என்றும், அவனுடைய முறை வரும்போது மேலிருந்து கீழாக எது காலியாக இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள் என்றும் விளக்கி, அழித்த இடத்திலேயே பென்சிலால் மறுபடி எழுதவைத்தேன். கிடைக்கும் என்று தோன்றியவற்றுக்குக் கீழே, நிச்சயமாகக் கிடைக்கும் என்று நான் குறித்திருந்த பத்துக் கல்லூரிகளையும் சேர்த்தோம். இருபதுக்கும் குறைவாக எழுதுவது ஆபத்து என்பது என் கருத்து.

கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில் தற்காலிக ஒதுக்கீடு வேலூர் மெக்கானிக்கல் என்று வந்தது. மேல் விருப்பத்துக்கும் காத்திருப்பதாகக் குறித்து அதை ஏற்றுக்கொண்டோம், இடம் மாறவில்லை. அப்பா அன்று மாலையே சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு எந்தெந்த ரயில்கள் என்று விசாரிக்கப் போய்விட்டார்.